கலாசாலையும் தபாலும்: ஆசிரியப் பயிற்சியின் இருநெறிகள்

நல்லாசிரியர் எத்தன்மையினர் என்பதைப் பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்திலே வரையறுத்துக் கூறினார். நிலமும் மலையும் நிறைகோலும் மலரும் அவர்க்கு உவமையாயின. ஆசிரியராகத் தகாதார்க்குக் கழற்குடமும் மடற்பனையும் பருத்திக் குண்டிகையும் முடத்தெங்கும் உவமையாயின. ஆயின், தகுதி நிரம்பாத ஒருவரைத் தகுதியுடையவராக ஆக்குவது எவ்வாறு என்னும் வினாவிற்கு அப்பகுதியிலே விடையில்லை. விடையின் சாயல் மாணாக்கர் கற்கும் முறையைக் கூறுமிடத்திற் காணப்படுகின்றது. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே கேட்டுக்கொண்டவனுக்கும் புலமையிற் காற்பங்கே கைவரும். உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கும் பிறர்க்கு எடுத்துரைத்தலாலேயே நிரம்பும் என்பது அங்குள்ள கருத்து.

இஃது ஆசிரியப் பயிற்சிக்கென எழுந்த விதியன்று. எனினும், கலாசாலையிலே தங்கிப் பயில்வது சிறந்ததா, இருந்த இடத்திலிருந்தே தபால்வழியாகவும் இக்காலத்தில் இணையவழியாகவும் பயில்வது சிறந்ததா என்று நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கினை ஆராய்வார்க்கு இதனினும் பொருத்தமான அளவுகோல் கிடைத்தல் அரிது. கேள்வியாகிய காற்பங்கை உறையிலிட்டு முத்திரை ஒட்டி அனுப்பிவிடலாம். மற்றைய முக்காற்பங்கை அனுப்பலாமா என்பதே வழக்கு.

மேனாட்டார் நடத்திய ஆசிரியப் பயிற்சியின் வரலாற்றிலே முதலதிகாரங்களுள் ஒன்று தமிழ்நாட்டு மண்ணில் எழுதப்பட்டது. அன்றூ பெல் என்னும் ஸ்கொத்துலாந்து மதகுரு 1787 ஆம் ஆண்டிலே இந்தியாவுக்கு வந்தார். 1789 இல் எழும்பூரிலிருந்த படைவீரரின் அநாதைச் சிறுவர் இல்லம் அவர் பொறுப்பிலே வந்தது. திண்ணைப் பள்ளிச் சிறார் மணலிலே விரலால் எழுதிப் பயில்வதைக் கண்ட பெல், தம் இல்லத்திலும் அவ்வாறே செய்விக்க விரும்பினார். அங்கிருந்த உதவியாசிரியர்கள் அதற்கு இணங்கவில்லை. எனவே அவர் யோன் பிறிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டு கீழ்வகுப்பாருக்கு எழுத்தறிவித்தார். முயற்சி பலித்தது. 1796 இலே தாய்நாடு திரும்பிய அவர், மறு ஆண்டில் அதனை நூலாக வெளியிட்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் அம்முறை அங்கே ‘சென்னைமுறை’ என்று பெயர்பெற்றது. மணலெழுத்து நம்மவரிடமிருந்து சென்றது என்பதில் ஐயமில்லை. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையும் உடன் சென்றாரோ என்பது வழக்கிடத்தக்கது. அவரை நன்கறிந்த யாழ்ப்பாணத்தார் ஆம் என்றே கூறுவர்.

பிறிஸ்கனுக்குக் கிடைத்த பயிற்சி யாது? அவன் எந்த நூலையும் கேட்டறியவில்லை. எடுத்துரைத்தலாகிய அரைப்பங்கு ஒன்றே அவனுக்கு வாய்த்தது. அதுவே அம்முறையின் வலிமை; குறையும் அதுவே. பெல்லினுடைய போட்டியாளராகிய யோசப் லங்காஸ்ரர் 1798 இல் இலண்டன் மாநகரின் பறோ வீதியிலே நிறுவிய பாடசாலை, நாளடைவில் இளைஞரை ஆசிரியராக்கி வெளியூர்களுக்கு அனுப்பும் நிலையமாயிற்று. ஆயினும், பொறிபோல இயங்கும் அவ்வகுப்புகளிலே தாமறியாத பொருளைப் பிறர்க்குப் புகட்டும் சிறுவரே மலிந்தனர்.

இக்குறையை நீக்க எழுந்ததே வதிவிடக் கலாசாலை. மருத்துவராயிருந்து கல்வி நிருவாகத்திற் புகுந்த கே சட்டில்வேத் என்பார் சுவிற்சலாந்து சென்று, பெஸ்தலோசியின் வழிவந்த வேர்லி என்பவரின் பயிற்சிப் பாடசாலையைக் கண்டார். அங்கே ஆசிரியராக வரவிருக்கும் இளைஞர் வைகறையில் எழுந்து, தோட்டம் கொத்தி, எளிய உணவுண்டு, தம் ஆசானோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். 1840 ஆம் ஆண்டில் இலண்டனின் பற்றசீயிலே சட்டில்வேத் நிறுவிய கலாசாலை அதன் பிரதி. ஏழைச் சிறாரிடம் செல்லவிருப்பவர் எளிமையிற் பழகவேண்டும் என்பதே அவருடைய கோட்பாடு. பாடம் கேட்பதற்காக அன்று, குணம் அமைவதற்காகவே தங்கிப் பயில்தல் வேண்டப்பட்டது என்பதை இங்கே நினைவிற் கொள்க.

1846 இலே அரசாங்கம் மாணவ ஆசிரியர் திட்டத்தை ஏற்படுத்திற்று. 13 வயதுப் பிள்ளை ஐந்தாண்டு தலைமையாசிரியரிடம் பயிலுநராக அமர்ந்து, பகலிலே கற்பித்து, பாடசாலை நேரத்தின் புறம்பே நாடோறும் ஒன்றரை மணிநேரம் தலைமையாசிரியரிடம் பாடங் கேட்டல்வேண்டும். ஆண்டுக்கொருமுறை வித்தியாதரிசி வந்து பரீட்சிப்பார். சிறந்தோர் இராணியின் உதவிச்சம்பளம் பெற்றுக் கலாசாலை புகுவர். கலாசாலையிலே தேர்ந்தவர்களைப்பற்றிய முறைப்பாடும் விரைவில் எழுந்தது. சாள்ஸ் டிக்கன்ஸ் 1854 இல் வெளியிட்ட ‘ஹாட் டைம்ஸ்’ நாவலிலே அத்தகைய ஆசிரியரொருவர், எண்ணிறந்த பாடங்களைக் கற்றதனாலேயே கற்பிக்கமாட்டாதவராக எள்ளப்படுகின்றார். தங்கிப் பயின்றவரெல்லாம் பயிற்சி பெற்றவராகார் என்பது அன்றே தெரிந்திருந்தது.

ஆயினும் கலாசாலைகள் ஓர் அரிய வழக்கத்தை வளர்த்தன. பயிலுநர் ஒருவர் இணைந்த பாடசாலையிலிருந்து வந்த வகுப்பொன்றுக்குப் பாடம் நடத்துவார். உடன்பயில்வோரும் விரிவுரையாளரும் பின்வாங்குகளில் அமர்ந்து நோக்குவர். பிள்ளைகள் சென்றபின், வினா யாரிடம் சென்றது, யாரிடம் செல்லாதுபோயிற்று, கரும்பலகையை மறைத்துக்கொண்டு நின்றது எத்துணை நேரம் என்றெல்லாம் ஒவ்வொருவரும் எடுத்துரைப்பர். கேட்பவர்க்கு உடல் வியர்க்கும். ஆசிரியத் தொழிலிலே தம்மைத் தாம் காணவியலாத ஒருவருக்குப் பிறருடைய கண் கண்ணாடியாவது அந்த ஒரு நேரத்திலேதான்.

கலாசாலைகள் பெருகிய அதே காலத்திலே மற்றை நெறியும் தோன்றிற்று. 1840 இலே இங்கிலாந்தில் ஒரு பென்னி முத்திரை வழக்கிற்கு வந்ததும், ஐசாக் பிற்மன் சுருக்கெழுத்துப் பாடங்களைத் தபாலில் அனுப்பி, விடைகளைத் திருத்தி மீளவும் அனுப்பலாயினார். 1858 இல் இலண்டன் பல்கலைக்கழகம், எந்தக் கல்லூரியிற் பயின்றவராயினும், எங்கும் பயிலாதவராயினும் தன் பரீட்சைக்குத் தோற்றலாமென்று கதவு திறந்தது. எங்கே கற்றாய் என்று வினவாது, எதைக் கற்றாய் என்று மட்டும் வினவும் பல்கலைக்கழகம் அதற்குமுன் உலகம் காணாத புதுமை. கலாசாலைக்குச் செல்ல வசதியற்ற ஆசிரியரும் தகுதிப் பத்திரப் பரீட்சைக்குத் தோற்ற இடமிருந்தமையால், அவர்களை ஆயத்தஞ் செய்வதற்குத் தபாற் கல்லூரிகள் எழுந்தன. வில்லியம் பிரிக்ஸ் 1887 இலே கேம்பிரிட்ஜில் ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் ஒக்ஸ்போட்டிலே வுல்சி ஹோல் என்று புகழ்பெற்ற நிறுவனத்தை 1894 இலே தொடங்கிய நைப் என்பவர் தாமே பாடசாலை ஆசிரியர்.

பிரிக்ஸ் அமர்த்திய போதனாசிரியருள் ஒருவர் எச். ஜி. வெல்ஸ். நாவலாசிரியராகப் பின்னர் உலகறிந்த அவர், துணிக்கடைப் பயிலுநராயிருந்து, மாணவ ஆசிரியராகி, ஹக்ஸ்லியிடம் உயிரியல் கேட்டு, இறுதிப் பரீட்சையிலே தவறி, 1890 இல் இலண்டன் வெளிவாரிப் பட்டம் பெற்றவர். வெளிவாரி மாணவரின் இன்னலை அவரினும் அறிந்தவர் இலர். தபால்வழி உயிரியல் பயிற்றிய அவருக்கு ஓரிடத்திலே தபால் கைகொடுக்கவில்லை. தவளையையும் முயலையும் அறுத்துப் பார்த்தல் கடிதத்தாலே கூடுவதன்று. எனவே இலண்டனிலே செய்முறை வகுப்பு நடத்தவேண்டியதாயிற்று. மாணவர் அங்கே நேரில் வந்தனர். போதனாமுறைக்கும் ஒரு தவளை வேண்டும் என்று அக்காலத்தில் ஒருவரும் எண்ணினாரிலர். போதனாமுறையிலே வெல்ஸ் பெற்ற தகுதியும் எழுத்துப் பரீட்சையாற் பெற்றதே.

ஈழநாட்டிலே இவ்விரு நெறிகளும் வந்து வேரூன்றின. 1921 இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியபின்னரும், அதன் மாணவர் 1942 வரை இலண்டன் பரீட்சைக்கே தோற்றினர். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஆயினும் கல்லூரிக்குச் செல்லமுடியாத ஆசிரியர் வெளிவாரி நெறியிலேயே தொடர்ந்து நின்றனர். பகல் முழுவதும் பாடசாலையிலே நின்று, இரவிலே விளக்கின்முன் அமர்ந்து, கப்பலில் வந்த பாடத்தாள்களையும் பழைய வினாத்தாள்களையும் பயின்று பட்டதாரியானோர் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள்தோறும் இருந்தனர். தமிழ்ப் புலமையிலும் இதற்கு இணையான வழக்கம் இருந்தது. 1901 இற் பாண்டித்துரைத்தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பரீட்சைகளுக்கும், 1921 இல் யாழ்ப்பாணத்திலே தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தின் பரீட்சைகளுக்கும் தோற்றியோர் பலர் தொழில் செய்துகொண்டே கற்றவர். அவருட் பலருக்கு அருகிலே ஓர் ஆசான் இருந்தார். பரீட்சை மட்டுமே தொலைவிலிருந்தது. இலண்டன் பரீட்சைக்குப் படித்தவர்க்கோ ஆசானும் தொலைவிலிருந்தார்.

இப்பட்டதாரிகளின் பொருளறிவைக் குறைகூறுதல் அறியாமை. தனித்திருந்து கற்றமையால், ஐயம் எங்கே எழுமென்பதை உடலறிய அறிந்தவர்கள் அவர்கள். ஆயினும், பட்டம் பெற்ற மறுநாளே மேல்வகுப்பிற் புகுந்த அவர்களது பாடத்தைப் பின்வாங்கிலிருந்து ஒருவர் நோக்கியது, பலருக்கு நெடுங்காலத்தின் பின்னரே நிகழ்ந்தது. நோக்கியவர் வித்தியாதரிசி, நோக்கியது குறை காண்பதற்காக.

வதிவிடக் கலாசாலையைப் பொறுத்தமட்டில் யாழ்ப்பாணத்து வரலாறு தனித்தன்மை வாய்ந்தது. பயிற்சிக் கலாசாலைகளை முதலில் நடத்தியோர் கிறித்தவ மிஷனரிமார். தங்கிப் பயில்தல் குணத்தை அமைக்கும் என்பது உண்மையாயின், அவ்விடுதி யாருடையது, அங்கே காலையிலும் மாலையிலும் நிகழும் வழிபாடு யாருடையது என்னும் வினாக்கள் தாமே எழும். 1848 இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுகநாவலருக்குப் பிற்பட்ட சைவர், பாடசாலை நிறுவினாற் போதாது, ஆசிரியரை ஆக்குமிடமும் தமதாதல் வேண்டும் என்பதை உணர்ந்தனர். 1923 இல் அமைந்த சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊர்தோறும் பாடசாலைகளை எழுப்பியபோது ஆசிரியர் தேவை பன்மடங்காயிற்று. 1928 இலே திருநெல்வேலியிற் சைவாசிரிய கலாசாலை தோன்றியது இவ்வாறே. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அங்கே முப்பதாண்டளவு தமிழ் விரிவுரையாளராயிருந்தார். அவரிடம் பயின்று சென்றோர் ஊர்ப் பாடசாலைகளிலே கந்தபுராணமும் கம்பராமாயணமும் சொன்ன விதம், அச்சிட்ட பாடத்தாளிலிருந்து வந்ததன்று. ஒரு செய்யுளை எவ்விடத்திலே நிறுத்தி, எவ்விடத்திலே புன்முறுவல் செய்து, எச்சொல்லை மீட்டும் சொல்வது என்பதை அருகிருந்து கண்டவரே கொள்ளுதல் கூடும். உடன்பயில்வாராலாகும் காற்பங்கு என்று நன்னூலார் கூறியதும் அங்கே விடுதி முற்றத்திலே நிகழ்ந்தது.

எனினும் கலாசாலைக்குப் பெருந்தடை ஒன்று எக்காலத்தும் உண்டு. இரண்டாசிரியர் உள்ள சிற்றூர்ப் பாடசாலையில் ஒருவரை ஈராண்டு பயிற்சிக்கு அனுப்பினால், எஞ்சிய ஒருவர் ஐந்து வகுப்பை மேய்க்கவேண்டும். ஓராசிரியர் பாடசாலையானால் மூடவேண்டியதே. கைக்குழந்தையுடைய ஆசிரியை விடுதியிலே சென்று தங்குதல் எளிதன்று. 1970-களின் பிற்பகுதி தொடங்கி அரசாங்கம் பொறுப்பேற்ற மலையகத் தோட்டப் பாடசாலைகளிலே இந்நிலை மிகக் கடுமையாயிருந்தது. பயிற்சியற்ற இளைஞரே அங்கே பெருந்தொகையாக நியமனம் பெற்றனர். இத்தகையோர்க்குத் தபால்வழி ஒன்றே வழி. 1980 இலே தோன்றிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் பட்டதாரி ஆசிரியர்க்குப் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் தொலைக்கல்வி முறையில் வழங்கிற்று. பட்டமில்லாத ஆசிரியர்க்கு அதே பத்தாண்டிலே அச்சிட்ட பாடத்தொகுதிகளும் பிரதேச நிலையங்களிலே விடுமுறைநாள் வகுப்புகளும் கொண்ட பயிற்சி தொடங்கப்பெற்று, தேசிய கல்வி நிறுவகத்தின்கீழ் நடந்தது. இலங்கையையும் இந்தோனேசியாவையும் நோக்கி 1991 இல் வெளியான ஒப்பாய்வொன்று, தொலைக்கல்வியால் ஓராசிரியரைப் பயிற்றும் செலவு வதிவிடக் கல்லூரிச் செலவிற் சிறுபகுதியே என்று கண்டது. இந்தோனேசியாவிலே மொழிப்பாடத்திற் கிட்டிய பயன் கணிதத்திலே கிட்டவில்லை.

யுத்தகாலத்திலே வடக்கில் இரு நெறிகளுமே அடைபட்டன. பலாலி ஆசிரிய கலாசாலை 1990 இலே தன் வளவை விட்டு இடம்பெயர்ந்தது. ஏ9 வீதி மூடப்பட்டிருந்த காலங்களிலே தபாலும் கடல்வழியையோ வான்வழியையோ நம்பியிருந்தது. சம்பளம் ஒழுங்காகப் பெறாத தொண்டர் ஆசிரியர் பலர், எந்நெறியிலும் பயிலாமல், வகுப்பறைகளைத் திறந்துவைத்திருந்தனர். அவர்களுக்கு நன்னூலார் கூறிய அரைப்பங்கு மட்டுமே கிடைத்தது. பிறிஸ்கன் என்னும் அச்சிறுவனுக்குக் கிடைத்ததும் அதுவே.

பிறநாடுகளிலே இடர்ப்பாட்டின் நடுவிலும் இரு நெறியையும் பிணைத்தோர் உளர். பாலஸ்தீன அகதிகளின் பாடசாலைகளிலே பயிற்சியற்ற ஆசிரியரே பெரும்பான்மையினராயிருந்தனர். அவர்களைப் பயிற்றுவதற்கு யுனெஸ்கோவும் அகதிகள் நிவாரண நிறுவனமும் 1964 இல் பெய்ரூத்திலே ஒரு கல்வி நிலையம் அமைத்தன. ஆசிரியர் தம் வகுப்பை விட்டு நீங்கவில்லை. பாடத்தாள்கள் அவரைத் தேடி வந்தன; கிழமைதோறும் அயற்பாடசாலை ஆசிரியரோடு கூடினர்; கோடை விடுமுறையிலே சேர்ந்திருந்து பயின்றனர்; போதனாசிரியர் அவரது வகுப்பறைக்கே வந்து பாடத்தை நோக்கினார். காற்பங்கு, காற்பங்கு, அரைப்பங்கு என்னும் மூன்றும் அத்திட்டத்திலே இருந்தமை வியப்பைத் தருகின்றது. தன்சானியாவோ 1974 இலே யாவர்க்கும் ஆரம்பக்கல்வி என்று தீர்மானித்து, பல பதினாயிரம் இளைஞரைக் கிராமப் பாடசாலைகளிலே நிறுத்தி, தபாலாலும் வானொலியாலும் பயிற்றிற்று. பின்னர் ஒப்பிட்டு நோக்கியபோது, பெரும்பாலான பாடங்களிலே கலாசாலையிற் பயின்றவர்க்கும் இவர்க்கும் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. விஞ்ஞானத்திலே கலாசாலையார் மேம்பட்டனர். வெல்சின் தவளை மீண்டும் வந்து நின்றது.

2020 மார்ச்சு மாதத்திலே கொரோனாத் தொற்றினால் இந்நாட்டுப் பாடசாலைகளும் பயிற்சி நிலையங்களும் மூடப்பட்டன. கல்வியியற் கல்லூரிகளின் விடுதிகள் சில தனிமைப்படுத்தும் நிலையங்களாயின. ஆசிரிய பயிலுநர் வீட்டிலிருந்து கைத்தொலைபேசியிலே சூம்வழி விரிவுரை கேட்டனர். பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவை என்னும் ஊரிலே அலைவரிசை கிடைப்பதற்கு ஆசிரியரும் மாணவரும் காட்டுவழியே பாறையின்மேல் ஏறிச்சென்ற செய்தி 2021 இல் உலகெங்கும் பரவிற்று. தபாற்காரர் அத்தகைய ஊருக்கும் மெல்ல நடந்தேனும் செல்வார். அலைவரிசை நடந்து செல்வதில்லை. ஒன்று மட்டும் மெய்யாகவே புதியது. கடிதம் சொல்லை மட்டும் கொண்டுசென்றது. இணையம் முகத்தையும் குரலையும் வகுப்பறையின் காட்சியையும் இரு திசையிலும் கொண்டுசெல்ல வல்லது. எனவே, பின்வாங்கிலிருந்து நோக்கும் கண்ணையும் அனுப்பிவிடலாமா என்னும் வினா முதன்முறையாகப் பொருளுடையதாயிற்று.

அவ்வினாவுக்கு அண்மைக்கால ஆய்வுகள் தரும் விடைகள் ஊன்றி நோக்கத்தக்கவை. 2013 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, ஒரு சூழலியற் பாடத்திட்டத்தைக் கற்பிக்கும் முறையை 49 ஆசிரியர்க்கு இருவகையாகப் பயிற்றி, நேரிற் பயின்றவர்க்கும் இணையத்திற் பயின்றவர்க்கும், அவர்தம் மாணவர்க்குங்கூட, வேறுபாடில்லை என்று கண்டது. ஆயத்தமான பாடத்திட்டமொன்றை விளங்கிக்கொள்ளுதல் பெரிதும் கேள்வியின்பாற்பட்டது. எனவே இதில் வியப்பில்லை.

தென்னாபிரிக்காவிலே நடந்த இரு பரிசோதனைகள் இன்னும் ஆழமானவை. வடமேல் மாகாணத்திலே நடந்த முதலாவதில், வாசிப்புக் கற்பிக்கும் ஆசிரியருள் ஒருசாரார் ஒரு நடுநிலையத்துக்கு அழைக்கப்பட்டு நேரிற் பயின்றனர். மற்றொருசாராரின் வகுப்பறைக்குப் பயிற்றுநர் தாமே தவறாது சென்று நோக்கி அறிவுரை கூறினர். ஈராண்டின் பின், வகுப்பறைக்கு வந்த பயிற்றுநராலே பிள்ளைகள் பெற்ற முன்னேற்றம் நடுநிலையப் பயிற்சியால் வந்ததன் இருமடங்களவாயிற்று. இரண்டும் நேர்முகப் பயிற்சியே என்பது இங்கே கவனிக்கற்பாலது. ம்புமலங்கா மாகாணத்திலே 180 பாடசாலைகளில் நடந்த இரண்டாவது பரிசோதனை, வகுப்பறைக்கு நேரில் வரும் பயிற்றுநரையும், பலகைக் கணினி வழியாகவும் தொலைபேசி வழியாகவும் அறிவுரை கூறும் பயிற்றுநரையும் ஒப்பிட்டது. முதலாண்டு முடிவில் இரண்டும் சமமெனத் தோன்றின. தொலைப்பயிற்சியை ஆதரித்தோர் அன்றே மகிழ்ந்திருப்பர். மூன்றாண்டின் பின்னரோ, நேரில் வந்தவராலே பிள்ளைகளின் ஆங்கிலப் பேச்சும் வாசிப்பும் உயர்ந்தன. தொலைவிலிருந்தவரால் பேச்சு ஓரளவே உயர்ந்தது, வாசிப்பு உயரவில்லை. தாய்மொழி எழுத்தறிவிலே சிறிது பின்னடைவும் நேர்ந்தது.

இதனால் இணையம் பயனற்றது என்று முடிவுசெய்தல் அவசரமாகும். அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திலே இடைநிலை ஆசிரியர் தம் பாடத்தை ஒளிப்பதிவு செய்து அனுப்ப, பயிற்றுநர் அதன் சிறுபகுதிகளை எடுத்துக்காட்டி அவரோடு உரையாடும் திட்டமொன்று, மாணவரின் தேர்ச்சியை உயர்த்தியதாக 2011 இல் அறிவிக்கப்பட்டது. அங்கே தொலைவிலிருந்தவர் அறிவுரையை மட்டும் அனுப்பவில்லை. குறித்த ஆசிரியரின் குறித்த பாடத்தைக் கண்டபின்னரே பேசினார். ஆகவே இணையமா, நேர்முகமா என்று வழக்கிடுவோர் தொலைவை அளக்குமிடத்தை மாற்றிக்கொள்ளுதல் நன்று. ஆசிரியர் இருக்குமூருக்கும் கலாசாலை இருக்குமூருக்கும் இடையிலுள்ள தூரம் சிறிது; அவரது வகுப்பறைக்கும் அதனை நோக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள தூரமே பெரிது. ஐம்பதுபேரை மண்டபத்தில் இருத்தி நாள்முழுதும் விரிவுரையாற்றி, தேநீரும் சான்றிதழும் வழங்கி அனுப்பும் கருத்தரங்கு நேர்முகமாக நடப்பினும் தொலைக்கல்வியே. திருத்திய கடிதத்தின் ஓரத்திலே, உமது வகுப்பின் கடைசி வாங்கிலிருக்கும் பிள்ளை இதற்கு யாது சொன்னான் என்று ஒருவர் எழுதி வினவினால், அக்கடிதம் பாதி வழியேனும் வந்துவிட்டது.

இலங்கையிலே வலயந்தோறும் ஆசிரிய ஆலோசகர்கள் உளர். வகுப்பறைக்குச் சென்று நோக்கி வழிகாட்டுதல் அவர்தம் கடமைகளுள் ஒன்று. ஆயினும் அறிக்கை எழுதுவதும் கருத்தரங்கு நடத்துவதும் பரீட்சைக் கடமையும் அவர்தம் நாள்களைக் கவர்ந்துகொள்கின்றன. யாழ்ப்பாண நகரிலிருந்து நெடுந்தீவுப் பாடசாலையொன்றிலே ஒரு பாடத்தை நோக்கச் செல்பவர், வைகறையிலே பேருந்தேறிக் குறிகட்டுவான் சேர்ந்து, படகிலே ஏறக்குறைய ஒருமணி நேரம் கடல் கடந்து, தீவின் கல்வேலிகளூடே சென்று, பின்வாங்கிலே நாற்பது நிமிடம் அமர்ந்து, ஆசிரியையோடு மரநிழலிலே சிறிது பேசி, பிற்பகற் படகுக்குத் திரும்பவேண்டும். ஒரு பாடத்துக்கு ஒருநாட் செலவு. அதே நாளிலே சூமின் மூலம் நூறுபேருக்கு உரையாற்றிவிடலாம். அறிக்கையிலும் நூறு என்றே எழுதலாம். நெடுந்தீவுக்குச் சென்றவரின் அறிக்கையிலே ஒன்று என்றே இருக்கும்.